தர்மத்துக்கு எழுதி வைத்த சொத்து யாருக்கு சொந்தம்? தனியார் அறக்கட்டளை பற்றிய விவரம்

கோவை,

பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என எங்கு பார்த்தாலும் "அறக்கட்டளை" என்ற போர்டு தொங்குகிறது. "அது அவங்க சொந்தக் காசு, நாம என்ன கேட்க முடியும்?" என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சட்டம் அப்படி சொல்லவில்லை.

ஒருவரோ, ஒரு குடும்பமோ தங்கள் சொத்தில் ஒரு பகுதியை பொதுமக்கள் நன்மைக்காக பிரித்து, பத்திரம் எழுதி ஒப்படைப்பதுதான் தனியார் அறக்கட்டளை. பணம் கொடுத்தவரும், நிர்வாகம் செய்பவரும் தனியார். பலன் மட்டும் பொதுமக்களுக்கு.

5-வது பங்கு

இதற்கு கோவையிலேயே நல்ல உதாரணம் உண்டு. பீளமேடு பி.எஸ்.ஜி. குடும்பத்தில் சகோதரர்கள் 4 பேர். 1926-ம் ஆண்டு அவர்கள் சொத்தை 4 பங்காக பிரிக்காமல் 5 பங்காக பிரித்தனர். அந்த 5-வது பங்குதான் தர்மத்துக்கு போனது. ரூ.2 லட்சத்து 1,000-த்தில் தொடங்கிய பி.எஸ்.ஜி. அன்ட் சன்ஸ் அறநிலையம் 1947-ல் கலைக்கல்லூரியையும், 1951-ல் தொழில்நுட்ப கல்லூரியையும், 1985-ல் மருத்துவ கல்லூரியையும் தொடங்கியது.

அறங்காவலர் முதலாளி அல்ல

சொத்தை பார்த்துக்கொள்பவர்களுக்கு அறங்காவலர் (டிரஸ்டி) என்று பெயர். அவர்கள் காவல்காரர்கள்தான், முதலாளிகள் அல்ல. என்ன நோக்கத்துக்காக சொத்து, யார் யார் டிரஸ்டி என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை பதிவு செய்வார்கள். ஒருமுறை முழுமையாக தர்மத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் வந்து "எங்க அப்பா சொத்து" என்று பங்கு கேட்க முடியாது.

குடும்பத்தாரின் நன்மைக்காக மட்டும் எழுதும் டிரஸ்ட்டும் உண்டு. அது வேறு. அதற்கு 1882-ம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் பொருந்தும்.

ரூ.100-ல் ரூ.85

தர்ம அறக்கட்டளைக்கு அரசு வருமான வரிச்சலுகை கொடுக்கிறது. அதற்கு நிபந்தனை உண்டு. ரூ.100 வருமானம் வந்தால் பொதுவாக ரூ.85-ஐ தர்ம காரியத்துக்கு செலவிட வேண்டும். கணக்கு காட்ட வேண்டும். வருமானத்தை சொந்தக்காரர்களுக்கு திருப்பிவிட்டால் அந்த தொகைக்கு சலுகை கிடைக்காது. வரிச்சலுகை என்பது அரசு கஜானாவுக்கு வர வேண்டிய பணம். அதனால்தான் இதில் பொதுமக்களுக்கும் அக்கறை இருக்கிறது.

2 பேர் போதும்

பொது தர்ம சொத்தை டிரஸ்டிகள் விற்று தின்றால் என்ன செய்வது? உரிமையியல் நடைமுறை சட்டம் 92-வது பிரிவில் வழி இருக்கிறது. அந்த அறக்கட்டளையில் அக்கறை உள்ள 2 பேர் சேர்ந்து, கோர்ட்டு அனுமதி பெற்று வழக்கு போடலாம். கணக்கு கேட்கலாம். டிரஸ்டியை நீக்கும்படியும் கேட்கலாம்.

நன்கொடை கேட்டு வருபவர்களிடம் ரசீது வாங்குவது நல்லது. அறக்கட்டளையின் பெயர், முகவரி, பான் எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுப்பவர் வரிச்சலுகை கேட்பதாக இருந்தால், ரூ.2 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக கொடுக்கக்கூடாது. காசோலையாகவோ வங்கி மூலமோதான் கொடுக்க வேண்டும்.