குதிரை நோயும் நெல்வயலும்

குதிரை நம் மாவட்டத்துக் கமக்காரருக்கு அவ்வளவாகப் பழகிய விலங்கன்று. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தெருவில் திரிவன அதன் இனமாகிய கழுதைகளே. ஆயினும் குதிரையைத் தாக்கும் நோயொன்றை நெல் விளைவிப்போர் அறிந்திருத்தல் அவசியமாகின்றது. அந்நோயைக் காவும் நுளம்பு வயல் நீரிலேயே பிறக்கின்றது. குதிரைக்கு நேர்வதே குழந்தைக்கும் நேர்கின்றது. யப்பானிய மூளைக் காய்ச்சல் என்னும் வைரசு நோயே அது.

இவ்வைரசு கொக்கு முதலிய நீர்ப்பறவைகளில் வாழ்வது. பறவையைக் கடித்த கியூலெக்சு நுளம்பு பின்னர்ப் பன்றியைக் கடிக்குமாயின், பன்றியின் இரத்தத்தில் வைரசு சில நாட்களுக்கு மிகப் பெருகுகின்றது. அந்நாட்களில் அதனைக் கடிக்கும் நுளம்புகள் நோய்க்காவிகளாகின்றன. சினைப்பன்றி செத்த குட்டிகளை ஈனுதல் உண்டேயன்றி, ஏனைய பன்றிகள் பெரும்பாலும் நலமாகவே தோன்றும்.

குதிரையில் நிகழ்வது வேறு. நுளம்புக் கடியால் உட்புகுந்த வைரசு தோலிலும் அயலிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் பெருகி, இரத்தத்திற் கலக்கின்றது. தாக்குண்ட கலங்கள் இன்டர்பெரோன் என்னும் புரதத்தை வெளிவிட்டு அயற்கலங்களை எச்சரிக்கின்றன. சில நாட்களில் பிறபொருளெதிரிகள் தோன்றி வைரசைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன. பெரும்பாலான குதிரைகளில் இத்துடன் நோய் தீர்ந்துவிடும், உடையவரும் அறியார். வைரசு முந்தி மூளையை அடைந்தாலோ காய்ச்சல், தள்ளாட்டம், பார்வையிழப்பு, ஈற்றில் இறப்பும் நேரலாம். இவ்வைரசை அழிக்கும் மருந்து இன்றும் இல்லை.

இப்போட்டியில் உடலை முந்தச் செய்வதே தடுப்பூசியின் வேலை. குதிரைக்குப் பெரும்பாலும் கொல்லப்பட்ட வைரசே ஏற்றப்படுகின்றது. முதலாம் ஊசி பகையை அடையாளங் காட்டும். சில வாரங்களின் பின் இடும் இரண்டாம் ஊசி அந்நினைவை வலுப்படுத்தும். யப்பானில் 1948 முதல் குதிரைகளுக்கு இவ்வூசி இடப்பட்டது. குதிரைக்குட்டி தாய் வயிற்றிற் பிறபொருளெதிரி பெறுவதில்லை. பிறந்த முதல் நாளிற் குடிக்கும் கடும்புப்பாலிலேயே பெறுகின்றது. உங்கள் பசுக்கன்றுக்கும் இதுவே விதி. அப்பாலைக் கறந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்வோர் இதனை எண்ணிப் பார்க்க.

குதிரையின் இரத்தத்தில் வைரசு சிறிதளவே, சிறிது காலமே காணப்படும். அதனைக் கடிக்கும் நுளம்புக்கு நோய் தொற்றாது. மனிதரும் அவ்வாறே. "அயற் பிள்ளைகள் எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று, என் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்போர் உளர். சின்னமுத்து நோயில் இவ்வாதத்திற்கு ஓரளவு இடமுண்டு. இந்நோயில் சிறிதும் இல்லை. ஊரார் அனைவரும் ஊசி பெற்றாலும் கொக்கிலும் பன்றியிலும் வைரசு குறைவதில்லை. ஊசி பெற்ற பிள்ளையே காக்கப்படும்.

1985-86 இலும் 1987-88 இலும் அநுராதபுரப் பகுதியில் இந்நோய் கொள்ளைநோயாகி உயிர்களைக் கொண்டது. வயல்களருகே பன்றி வளர்ப்பும் பரவியிருந்த இடம் அது. மலிக் பீரிசு முதலிய ஆய்வாளர்கள் அங்குப் பன்றிகளையும் நுளம்புகளையும் ஆராய்ந்தனர். 1988 இல் இலங்கையில் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2009 முதல் வலுக்குறைத்த உயிர் வைரசு ஊசி வழங்கப்படுகின்றது. இப்போது அது பன்னிரண்டு மாதம் நிறைந்த குழந்தைக்கு இடப்படுகின்றது.

சிலாபம் முதல் தெற்கே பன்றி வளர்ப்போர் பலர். தொழுவம் வீட்டிலிருந்து எட்ட இருத்தல் வேண்டும். இந்நுளம்பு அந்தி முதல் விடியும் வரை கடிப்பது. ஆதலின் பிள்ளைகள் வலையினுள் உறங்குக. முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். குளத்து நீர் பெறும் வயலில் இடையிடையே சில நாட்கள் நீரை வடித்து, குழிகளும் காயவிட்டாற் புழுக்கள் மடியும். பூக்கும் பருவத்தில் இவ்வாறு செய்யலாகாது. உவர் ஏறும் களப்போர வயல்களில் முதலில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுக்கொள்க. மணற்பாங்கான மரக்கறித் தோட்டத்தில் நீர் தேங்காது என்று ஆறுதல் கொள்வோர், இந்நுளம்பு ஒரு கிலோமீற்றருக்கு மேலும் பறக்கவல்லது என்பதை அறிதல் வேண்டும்.

குழந்தையின் ஊசி அட்டையைப் பார்த்து, இவ்வூசி விடுபட்டிருந்தால் அண்மையிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திற் காட்டுக.