போனில் கண் மருத்துவம்: நோயாளிகள் எதை மெச்சினார்கள்?

கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க உதவும் ஸ்லிட் லேம்ப் கருவிக்கு இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் நோயாளி. இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இருக்காது. அதனால்தான் கொரோனா பரவத் தொடங்கியதுமே கண் மருத்துவர்கள் கலங்கினார்கள். புதிய தொற்றைப் பற்றி வூஹானில் முதலில் எச்சரித்தவர்களில் ஒருவரான லி வென்லியாங் கண் மருத்துவர்தான். 2020 பிப்ரவரி 7 அன்று, 33 வயதில், அதே தொற்றுக்கு அவர் பலியானார்.

இந்தியாவில் மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டதும் அதே நாளில்தான். ஏப்ரலில் அரசின் தொலைமருத்துவத் தளமான இ-சஞ்சீவனியின் புறநோயாளி சேவை வந்தது. கண் மருத்துவமனைகளும் போன், வாட்ஸ்அப், வீடியோ என்று கிடைத்த வழியில் எல்லாம் நோயாளிகளிடம் பேசின.

அந்தச் சேவை எப்படி இருந்தது என்று பல நாடுகளில் நோயாளிகளிடமே கேட்டார்கள். பெரும்பாலானோர் திருப்தி என்றார்கள். காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பரிசோதனைக்காகக் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும்; துணைக்கு ஆள் இல்லாமல் வீடு திரும்புவது சிரமம். ஆக, ஒருவரின் கண்ணுக்காக இருவரின் கூலி போகும். போன் அதை மிச்சப்படுத்தியது. எல்லாவற்றையும்விட, கண் சிவந்து பயந்திருக்கிற நேரத்தில், “உடனே வாருங்கள்” அல்லது “இது தானாக ஆறிவிடும், பயப்படாதீர்கள்” என்று டாக்டர் வாயால் கேட்பது பெரிய தெம்பு.

அந்தத் தெம்பை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் நோயாளியின் திருப்தியை வைத்தே மருத்துவத்தின் தரத்தை முடிவு கட்டுவது ஆபத்து.

வலிக்காத நோய்கள்

இமைக்கட்டி, மெட்ராஸ் ஐ, அறுவைசிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்தில் வரும் சந்தேகம் ஆகியவற்றைப் பெரும்பாலும் பேசியே தீர்க்கலாம். கண் அழுத்த நோய் அப்படியல்ல. அதன் பொதுவான வகை வலியில்லாமல் பார்வையின் ஓரங்களைத் தின்னும். அழுத்தத்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும். போன் கேமராவில் தெரியாது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதும் இப்படித்தான். போனை வைக்கும்போது இந்த நோயாளிகளும் மனநிறைவோடுதான் வைப்பார்கள். இழந்த பார்வையோ பெரும்பாலும் திரும்பாது.

கதிரடிக்கும்போது நெல் பட்டுக் கருவிழியில் புண் வந்தவரை நினைத்துப் பாருங்கள். அது பூஞ்சையாக இருந்து, வெறும் சிவப்பு என்று நினைத்து ஸ்டீராய்டு சொட்டு போட்டால் நிலைமை மோசமாகிவிடும். இவரை நேரில் வரவழைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இணைப்பு கிடைத்துப் பேசியவர்களிடம்தான் திருப்தியைக் கேட்க முடியும். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டியும் சிக்னல் எட்டாத ஊரும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு

இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே சிற்றூர்களில் ‘விஷன் சென்டர்’களை நடத்திவந்தது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் ஸ்லிட் லேம்ப்பில் பார்ப்பார், அழுத்தத்தை அளப்பார். தொலைவிலுள்ள டாக்டர் அந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியிடம் வீடியோவில் பேசுவார். கருவி ஊரிலேயே இருக்கிறது, டாக்டர்தான் தூரத்தில். தேவைப்பட்டவர் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் பயணப்பட்டால் போதும்.

தொலைமருத்துவம் இனி நம்மோடுதான் இருக்கும். அதை நடத்துகிறவர்கள் “திருப்தியா?” என்பதோடு நிறுத்தக் கூடாது. வரச்சொன்னவர் வந்தாரா, ஆறு மாதம் கழித்து அவர் பார்வை எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் அழுத்தம் அளக்க ஒரு கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். நோயாளி டாக்டர்மேல் வைத்த நம்பிக்கைக்குச் செய்யும் நியாயம் அதுதான்.