பல்லுக்கும் ஒரு பற்று வரவு

அறுபதில் ஓய்வு பெறுகிறவர் எண்பது வரை இருந்தால் 240 மாதங்கள். அந்த 240 மாதத்துக்கும் அரிசி, மின்கட்டணம், சர்க்கரை மாத்திரை என்று கணக்குப் போட்டு வைக்கிறோம். பல்லுக்கு மட்டும் போடுவதில்லை. கன்னம் வீங்கி, இரண்டு இரவு தூக்கம் கெட்ட பிறகுதான் பணத்துக்கு அலைகிறோம். வரும் என்று முன்கூட்டியே தெரிந்த செலவு இது. ஏட்டில் ஏற்றிப் பார்ப்போம்.

வரவு

தனியார் ஆலைகளிலும் கடைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு வைப்புநிதி ஓய்வூதியம். 1995ஆம் ஆண்டுத் திட்டமான இதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மாநில அரசு ஓய்வூதியருக்கு மருத்துவப்படி மாதம் 300 ரூபாய். அதே ஓய்வூதியத்தில் 2022 ஜூலையில் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தம்.

காப்பீட்டு அட்டைகளில் அச்சிட்ட தொகை பெரியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 70 வயது கடந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் திட்டத்திலும் 5 லட்சம். இவை அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. விபத்தில் தாடை எலும்பு முறிந்தால் வழியுண்டு. நாற்காலியில் சாய்ந்து செய்துகொண்டு அன்றே வீடு திரும்பும் வேர் சிகிச்சைக்கும் பல் செட்டுக்கும் கைப்பணம்தான்.

செலவு

தமிழக நகரங்களில் தனியார் பல் மருத்துவர்கள் பொதுவாகக் கேட்கும் தொகை கீழே. ஊருக்கு ஊர், மருத்துவருக்கு மருத்துவர் மாறும்.

- பல் சுத்தம் செய்ய: 800 முதல் 1,500 ரூபாய்
- சொத்தை அடைக்க, ஒரு பல்லுக்கு: 800 முதல் 1,500
- பல் பிடுங்க: 500 முதல் 1,500
- வேர் சிகிச்சை: 3,000 முதல் 7,000
- அதன்மேல் போடும் கேப்: 3,000 முதல் 12,000
- மேலும் கீழும் முழு பல் செட்: 12,000 முதல் 30,000
- இம்பிளான்ட், பல்லோடு சேர்த்து ஒன்றுக்கு: 25,000 முதல் 50,000

முழு செட்டுக்கு நடுத்தரமாக 18,000 ரூபாய் என்று வைப்போம். 1,000 ரூபாய் ஓய்வூதியக்காரருக்கு அது 18 மாத ஓய்வூதியம். 1,200 ரூபாய் வாங்கும் பாட்டிக்கு 15 மாத உதவித்தொகை. 300 ரூபாய் மருத்துவப்படியை ஒரு பைசா தொடாமல் சேர்த்தால் 60 மாதம், அதாவது 5 ஆண்டு. ஈறும் தாடை எலும்பும் தேய்ந்துகொண்டே போவதால் பல் செட்டையே 5 முதல் 7 ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றுக்குப் பணம் சேர்ந்து முடியும்போது அடுத்ததற்குக் காலம் நெருங்கிவிடுகிறது.

இருபது ஆண்டு, இரண்டு கணக்கு

முதல் கணக்கு, வலி இல்லாதபோதே போகிறவருடையது. ஆண்டுக்குச் சுத்தமும் பரிசோதனையும் 2,000 வீதம் 40,000. ஆறு பல் அடைக்க 6,000. வேர் சிகிச்சையும் கேப்பும் இரண்டு பல்லுக்கு 19,000. இரண்டு பல் பிடுங்க 1,600. அந்த இடத்துக்குக் கழற்றி மாட்டும் பல் 4,000. கூட்டினால் 70,600 ரூபாய். 240 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 294.

இரண்டாவது, வலித்தால் மட்டும் போகிறவருடையது. பத்துப் பல் பிடுங்க 8,000. முழு செட் மூன்று முறை 54,000. தளர்ந்த செட்டை இரண்டு முறை சரிசெய்ய 6,000. மொத்தம் 68,000.

இன்றைய விலையில் போட்ட இந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 2,600 ரூபாய்தான். முன்கூட்டியே போனால் பணம் பெரிதாக மிச்சமாகும் என்று சொல்ல மாட்டேன். மிச்சமாவது பல். முழு செட் கட்டியவரின் கடிக்கும் விசை சொந்தப் பல்லின் விசையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. முறுக்கு போகட்டும், கொண்டைக்கடலை, கொய்யா, கேரட், கறித்துண்டு எல்லாம் தட்டை விட்டுப் போகின்றன. குழைந்த சோறும் பிஸ்கட்டும் மிஞ்சுகின்றன. சர்க்கரை நோயாளிக்கு இதைவிடக் கெட்ட உணவு வேறில்லை. முதல் கணக்கில் பணம் பெரும்பாலும் சிறுகச் சிறுகப் போகிறது; இரண்டாவதில் 18,000 ஒரே மூச்சில் கேட்கிறது. கடன் அங்கேதான் பிறக்கிறது.

வயதானவர்களுக்குச் செலவு கூட இன்னொரு காரணம் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்கு ஈறை வீங்கவைக்கும். வேறு பல மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். எச்சில் குறைந்தால் ஈறு இறங்கிய வேர்ப்பகுதியில் சொத்தை சீக்கிரம் விழும். பல் மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

கைகொடுக்கும் இடங்கள்

சென்னையில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செலவு மிகக் குறைவு. அங்கே பணத்துக்குப் பதில் நாள் கொடுக்க வேண்டும். முழு செட் கட்ட ஐந்து முறையாவது போக வேண்டியிருக்கும்: முதல் நாள் அச்செடுப்பு, அடுத்து ஈறு விளிம்புவரை துல்லியமான அச்சு, மூன்றாவது மெழுகுக் கட்டையைக் கடிக்கவைத்து மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும் உள்ள இடைவெளிப் பதிவு, நான்காவது மெழுகில் பதித்த பல்லை மாட்டிப் பேசிப் பார்ப்பது, ஐந்தாவது செட் கையில். உரசிப் புண்ணானால் மறுபடியும் போக வேண்டும். துணைக்கு வரும் மகனோ மருமகளோ ஐந்து நாள் கூலியை இழந்தால், நாளுக்கு 600 வீதம் 3,000 ரூபாய். மலிவு செட்டின் மறைவான விலை அது.

ஈஎஸ்ஐயில் குறைந்தது 5 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். முன்னாள் படைவீரருக்கு 2003 முதல் ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதன் பாலிகிளினிக்குகளில் பல் மருத்துவர் உண்டு. 2017 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடியோடு பல் செட்டும் இலவசப் பட்டியலில் இருக்கிறது. 60 கடந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழோ மாதம் 15,000க்குள் வருமானத்திலோ இருப்பவர்களுக்கு அது உரியது. அதற்கான முகாம் நடக்கும்போது பல் செட்டையும் கேளுங்கள்.

பழைய முறையில் வரி கட்டும் மூத்த குடிமக்களில் காப்பீடு இல்லாதவர்கள் 80டி பிரிவில் 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவைக் கழிக்கலாம். ரொக்கமாகத் தந்தால் செல்லாது. 20 சதவீத வரிக்காரர் 30,000 ரூபாயை வங்கி வழியே கட்டி ரசீது வைத்திருந்தால், செஸ்ஸையும் சேர்த்து 6,240 ரூபாய் மிச்சம்.

அரசுக்கு ஒரு கணக்கு

கேரளத்தில் மந்தஹாசம் என்ற திட்டம் நடக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயது கடந்தவர்களுக்கு அரசே பல் செட் கட்டித் தருகிறது. ஒருவருக்கு 5,000 ரூபாய் வரை என்று தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் முதியவர்களுக்கு அதே தொகையில் கட்டித் தந்தால் 50 கோடி ரூபாய். சத்துணவை ஊருக்கு ஊர் கொண்டுபோன மாநிலம் இது. முதியவர் அந்தச் சத்தை மென்று விழுங்க வழிசெய்வதையும் தன் கடமையாக ஏற்க வேண்டும். அதுவரை ஓய்வுக்கு ஓராண்டு முன்பே நிலுவையில் உள்ள வேர் சிகிச்சையை முடியுங்கள். ஓய்வூதியம் வரும் அன்றே 300 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள்.