போதையை நிறுத்துவது சில நாள் வேலை... திரும்பாமல் இருப்பது எப்படி?

"இனிமே தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தவர், ஆறே மாதத்தில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "இவன் திருந்தவே மாட்டான்." அது சரியா?

சேலத்துக்கு இந்தப் போராட்டம் புதிதல்ல. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழையும் நடத்தினார். சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ம் தேதி, மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலத்தில்தான் இருந்தது. கடையை ஒரே நாளில் மூடிவிடலாம். மூளைக்குப் பழகிப்போனது அப்படிப் போகாது.

சட்டென்று நிறுத்தலாமா?

தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு, அடுத்து மனக்குழப்பம் என உயிருக்கே ஆபத்தாகலாம். ரூமில் பூட்டி வைப்பது சிகிச்சை அல்ல. டாக்டர் மேற்பார்வை தேவை. ஹெராயின் போன்றவற்றுக்கு ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரை தரப்படுகிறது.

ஏன் திரும்புகிறார்கள்?

உடல் தேறினாலும் இடம், ஆள், நேரம் எல்லாம் பழசை ஞாபகப்படுத்தும். லாரி டிரைவருக்கு இரவு வண்டியை நிறுத்தும் அதே தாபா, ஐ.டி. ஊழியருக்கு வெள்ளிக்கிழமை பார்ட்டி. சிகிச்சைக்குப் பிறகு 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி சறுக்குவதாக ஆய்வுகள் கணிக்கின்றன. பி.பி., ஆஸ்துமா நோயாளிகளில் நோய் திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவுதான். மாத்திரையை விட்டதும் பி.பி. ஏறினால் யாரும் அவரைத் திட்டுவதில்லையே!

ஒரு எச்சரிக்கை: இடைவெளிக்குப் பிறகு உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். ஹெராயின், வலி மாத்திரை போன்றவற்றைப் பழைய அளவிலேயே எடுத்தால் உயிரே போகலாம்.

எது கைகொடுக்கும்?

பசி, கோபம், தனிமை, அசதி: இந்த நான்கு நேரங்களில்தான் மனசு அதிகம் தடுமாறும். போதை ஆசை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் யாருக்கு போன் செய்வது, எங்கே போவது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தொடர் கவுன்சலிங், டாக்டர் தரும் மருந்து, குடியை விட்டவர்களே நடத்தும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் உதவும். வீட்டார் செய்ய வேண்டியது, சறுக்கிய அன்றே மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போவது.

போலீஸ் பிடிக்குமா?

பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருள் பயன்படுத்திய அல்லது சிறிய அளவு வைத்திருந்த வழக்கில் சிக்கிய அடிமைகளுக்கு ஒரு வழி தருகிறது. தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம்.

எங்கே கேட்பது?

தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு ‘டெலி மானஸ்’ 14416. இரண்டும் இலவசம். நேரில் என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.