பசிபிக் சூடானால் நம்ம ஊர் மழை ஏன் குறையுது?

2023 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? நாடு முழுவதும் வழக்கத்தைவிட 36% குறைவான மழை. 1901-க்குப் பிறகு இந்தியா பார்த்த மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். அப்போது செய்திகளில் அதிகம் அடிபட்ட பெயர் எல் நினோ. எங்கேயோ இருக்கும் கடல் சூடானால் இங்கே மழை ஏன் நிற்கணும்?

கடல்தான் அடுப்பு

கடலின் மேல்மட்டத்தில் இருக்கும் சுமார் 3 மீட்டர் நீர், மொத்த வளிமண்டலமும் தாங்கும் அளவு வெப்பத்தைத் தாங்கும். கடலில் சூடு எங்கே குவிகிறதோ, அங்கே ஈரக் காற்று மேலே எழும், குளிர்ந்து மழையாகும். எழுந்த காற்று வேறெங்காவது இறங்கியாகணும். இறங்கும் இடத்தில் மேகம் திரளாது.

சாதாரண ஆண்டுகளில் வணிகக் காற்று சூடான நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளும். காற்று அங்கே எழும்பி, பெரு நாட்டுக் கடலோரம் இறங்கும். இதற்கு 'வாக்கர் சுழற்சி' என்று பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கரின் பெயர் அது. பருவமழையைக் கணிக்க வழி தேடியவர், பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் கூடினால் மறுபக்கம் குறைவதைக் கண்டறிந்தார்.

எல் நினோவில் என்ன ஆகும்?

வணிகக் காற்று பலவீனமாகும். சூடான நீர் கிழக்கே நகரும். நடுப் பசிபிக் வழக்கத்தைவிட 0.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் சூடாகவே இருந்தால் அது எல் நினோ. காற்று எழும் இடமும் கூடவே நகர்ந்துவிடும். இறங்கும் காற்று நம்ம பக்கம் வரும்.

அப்போ எல் நினோ என்றாலே வறட்சியா?

இல்லை. மூன்று எல் நினோ ஆண்டுகளின் ஜூன்–செப்டம்பர் மழையை, நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்:

1997: 102%
2015: 86%
2023: 94%

1997-இல் வந்தது மிக வலுவான எல் நினோ. ஆனாலும் மழை குறையவில்லை. அந்த ஆண்டு மேற்கு இந்தியப் பெருங்கடலும் சூடாகி ஈரத்தை நம்ம பக்கம் அனுப்பியது ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டுக் கணக்கே வேற. எல் நினோ பெரும்பாலும் அக்டோபர்–டிசம்பர் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டிவிடும். 2015-இல் நாட்டின் பல பகுதிகள் வறண்டன. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியது. அந்த வெள்ளத்துக்கு எல் நினோ மட்டுமே காரணமில்லை; ஆனால் மழைக்கு அதுவும் துணைபோனது.

அடுத்த முறை 'எல் நினோ வருகிறது' என்ற தலைப்பைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தியப் பெருங்கடல் எப்படி இருக்கு? பேசுவது எந்தப் பருவமழையைப் பற்றி?