மைல்களும் மேல்வகுப்பு ஆசனமும்

1981ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆரம்பித்த ‘அட்வான்டேஜ்’ திட்டத்தையொட்டி உலகெங்கும் பரவிய மைல் சேமிப்பு முறையில், பிரயாணிகளுக்குப் பேராசையையும் அதே அளவு ஏமாற்றத்தையும் விளைவிப்பது, மலிவாக வாங்கிய டிக்கெட்டை விமான நிலையக் கவுண்டரில் மைல்களைக் கொடுத்து மேல்வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையேயாகும்.

டிக்கெட்டில் வகுப்பைக் குறித்து அச்சாகியிருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்தை நேயர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். எகானமியில் அருகருகே அமர்ந்து, ஒரே உணவை உண்டு, ஒரே நேரத்தில் இறங்கும் இருவரில், முழுக் கட்டணம் செலுத்தியவருக்குப் பெரும்பாலும் ‘ஒய்’ என்றும், சலுகை விலையில் வாங்கியவருக்கு வேறோர் எழுத்தும் இருக்கும். உரிமையை நிர்ணயிப்பது அவ்வெழுத்தே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ‘எகானமி லைட்’ டிக்கெட்டை, கணக்கில் எத்தனை மைல்கள் இருப்பினும், அவற்றைக் கொண்டு உயர்த்த இயலாது. அமெரிக்க நிறுவனங்கள் சில, சலுகை டிக்கெட்டுக்கு மைல்களோடு ரொக்கமும் கேட்பது வழக்கம்.

மேல்வகுப்பில் ஆசனம் காலியாக இருப்பதாலேயே அது கிடைத்துவிடும் என்றும் எண்ணலாகாது. விற்பனைக்குரிய ஆசனங்கள் வேறு, மைல்களுக்கென ஒதுக்கப்படுபவை வேறு. அவை தீர்ந்தால் காத்திருப்போர் பட்டியலே கதி. அதிலும் உயர்நிலை அங்கத்தினர்களுக்கே முதலிடம். ஆகவே, கட்டண விதிகளை டிக்கெட் வாங்கும்போதே வாசிப்பது உத்தமம். இடையில் விமானம் மாறுவோர், உயர்வு எந்தெந்த விமானத்துக்குச் செல்லும் என்பதையும் மைல்களைக் கொடுக்குமுன் கேட்டுக்கொள்வது நலம்.