மஞ்சளைக் காப்பாற்றியதும் பத்திரிகை! மாத்திரையை மடக்கியதும் பத்திரிகை!

நாமகிரிப்பேட்டை ஏலத்துக்கு மூட்டை மூட்டையாக மஞ்சள் வருகிறது. விரலி, உருண்டை, பனங்காளி என்று மூன்று தினுசு. விரலியை 'டக்'கென்று ஒடித்து, உள்ளே நிறம் பார்த்துத்தான் வியாபாரி விலை சொல்வார்.

அந்த நிறத்தைக் கொடுப்பது 'குர்குமின்' என்ற சத்து. 100 கிராம் மஞ்சளில் சுமார் 2 முதல் 5 கிராம் தேறும். அதைத் தனியே பிரித்து மாத்திரையாக விற்கிறார்கள். புற்றுநோய் போகும், மூட்டுவலி போகும், ஞாபகமறதி போகும் என்று ஏக விளம்பரம். "மஞ்சள்தானே, என்ன பண்ணிடும்?" என்று டாக்டர் கொடுத்த மருந்தையே நிறுத்திவிட்டு இதை விழுங்குகிறவர்களும் உண்டு.

பாட்டி வைத்தியத்துக்கு 'பட்டா'

1995-ல் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. நம்ம ஊர்ப் பாட்டிக்குத் தெரிந்த சங்கதிக்கு அவர்கள் பட்டா! நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் ஆட்சேபம் கிளப்பியது. "பாட்டி சொன்னாள்" என்றால் அங்கே எடுபடுமா? அச்சில் வந்த சாட்சி வேண்டும். பழைய சமஸ்கிருத நூலும், 1953-ல் இந்திய மருத்துவ சங்கப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையும் சாட்சிகளில் அடங்கும். 1997-ல் காப்புரிமை ரத்து!

அடுத்த அடி

20 ஆண்டு கழித்து, இன்னொரு பத்திரிகை மாத்திரையை மடக்கியது. அதன் பெயர் 'ஜர்னல் ஆப் மெடிசினல் கெமிஸ்ட்ரி'. மருந்து ரசாயனப் பத்திரிகை. 1959-ல் பிறந்தது. இதற்குக் கட்டுரை அனுப்பினால் உடனே அச்சேறாது. அதே துறை தெரிந்த விஞ்ஞானிகளிடம் ஆசிரியர் அனுப்புவார். அவர்கள் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. குடைந்து குடைந்து கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் கட்டுரை வந்த வழியே போகும்.

2017-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் காத்ரின் நெல்சன், மைக்கேல் வால்டர்ஸ் முதலானோர் இதில் எழுதினார்கள். 120-க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய கண்டிப்பான சோதனை ஒன்றில்கூட குர்குமின் தேறவில்லை என்றார்கள். உடம்பில் நிலைக்காது. ரத்தத்தில் சரியாகச் சேராது. இன்னொரு வேடிக்கை: குர்குமின் தானாகவே ஒளிரும். ஆய்வுக்கூடக் கருவி அதைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று ஏமாந்துவிடும்!

மிளகு கூட்டு

மிளகுச் சத்தோடு கொடுத்தால் ரத்தத்தில் 20 மடங்கு சேரும் என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-ல் எழுதினார்கள். கொல்லிமலை மிளகுக்கு யோகம்தான்! ஆனால் 2022-ல் வந்த சேதி வேறு. மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு ஈரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். அவர்களில் 5 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஒருவர் இறந்தார். சோதித்த 7 மாத்திரைகளில் 3-ல் மிளகுச் சத்து இருந்தது.

குழம்பில் போடும் சிட்டிகை மஞ்சள் மேல் இந்தக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வழக்கெல்லாம் மாத்திரை மேல்தான்.